ஃப்ரிட்ஜ் யாருடையது என்று கேளுங்கள்

பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவ மாணவியருக்கு ஒரு கடைக்காரியின் திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

போன வாரம் சாயங்காலம் பாளை பஸ் ஸ்டாண்டு பக்கம் நீங்கள் கொடுத்த துண்டறிக்கை என் கல்லாப் பெட்டி மேல் இருக்கிறது. நாலைந்து தடவை படித்துவிட்டேன். அந்நிய பர்கரைப் புறக்கணிப்போம், அந்நியக் கோழிக்கடையைப் புறக்கணிப்போம், அந்நியக் குளிர்பானத்தைப் புறக்கணிப்போம் என்று பெரிய எழுத்தில் மூன்று வரி. அதற்குக் கீழே, இதையெல்லாம் வாங்கித் தின்பவர்கள் மண்ணுக்குத் துரோகம் செய்பவர்கள் என்று ஒரு வரி. இன்னும் கீழே, ஊசி போட்டு ஆறு காலோடு வளர்த்த கோழியின் படம்.

நான் உங்கள் பக்கம். பிள்ளைகள் வெயிலில் நின்று ஒரு நல்ல காரியத்துக்காகத் தாள் கொடுப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைகிறது. ஆனால் இதே காரியத்தை ஒரு தடவை செய்து பார்த்தவள் நான். அந்த அனுபவம் வீணாகப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

2017 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து கோக், பெப்சி விற்க வேண்டாம் என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அழைப்பு விடுத்தன. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம். உங்களில் பலர் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பீர்கள். எங்கள் ஊருக்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்று அப்போது விலை சொன்னார்கள். லிட்டருக்கு நாலு காசுகூட வரவில்லை. நான் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இருபது ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளக் கடைக்காரிக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. ஆறு பிழைத்தது என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டோம்.

என் கடையில் அப்போது நின்ற கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் என்னுடையது இல்லை. ஒரு குளிர்பானக் கம்பெனி கொடுத்தது. வாடகை கிடையாது, பழுதானால் அவர்களே ஆள் அனுப்புவார்கள். பதிலுக்கு, கண் மட்டத்தில் இருக்கும் தட்டுகளில் அவர்கள் பாட்டில்தான் நிற்க வேண்டும், வேறு கம்பெனிச் சரக்கு உள்ளே போகக் கூடாது. அடித்தட்டில் நான் பால் பாக்கெட்டும் தயிரும் வைத்துக்கொள்வேன். லைன் வண்டித் தம்பி அதைக் கண்டும் காணாமல் போவான். உண்மையில் என் கடை ஓடியது அந்த அடித்தட்டினால்தான். காலையில் பால் வாங்க வருகிறவர்கள்தான் கூடவே கால் கிலோ ரவையும் நூறு உளுந்தும் வாங்குவார்கள்.

மார்ச் முதல் தேதி காலையில் பாட்டிலை எல்லாம் இறக்கிப் பெட்டியில் அடுக்கி உள்ளே வைத்தேன். கல்லூரிப் பிள்ளைகள் வந்து கை தட்டினார்கள், என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து நாளில் வண்டி வந்தது, ஃப்ரிட்ஜை ஏற்றிக்கொண்டு போனார்கள். பொருள் அவர்களுடையது, அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெள்ளையாக இருந்தது. ஏப்ரல் வெயிலில் காலை ஏழு மணிக்கு இறக்கிய பால் பதினொரு மணிக்குள் திரிந்தது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டி போட்டு ஒரு மாதம் ஓட்டினேன். பிறகு மகளிர் குழுவில் பதினெட்டாயிரம் ரூபாய் கடன் எடுத்துப் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கினேன். பதினெட்டு மாதம் தவணை கட்டினேன்.

அந்தப் பதினெட்டு மாதத்தில், கை தட்டிய பிள்ளைகளில் ஒருவர்கூட வந்து "அக்கா, ஃப்ரிட்ஜ் என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. மே மாதமே எங்கள் தெருவில் ஐந்து கடையில் மூன்றில் பழைய பாட்டில் திரும்பி வந்துவிட்டது. அவர்களை நான் இன்றைக்கும் தப்பாக நினைக்கவில்லை. அவர்களுக்குக் குழுக்கடன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைகள் நிறுத்திய மறுநாள், மார்ச் 2-ஆம் தேதி, நீதிமன்றம் அந்தத் தாமிரபரணித் தண்ணீர் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. உபரித் தண்ணீரைத்தான் கொடுக்கிறோம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். எங்கள் கடையில் அன்றைக்கு இதைப் பற்றி யார் பேசினார்கள் தெரியுமா? யாருமே இல்லை. தண்ணீருக்காகத் தொடங்கிய பேச்சு அதற்குள் பாட்டில் எந்த நாட்டுக்காரனுடையது என்பதாக மாறியிருந்தது. பொவண்டோவைப் பேர் சொல்லிக் கேட்டு வந்தார்கள். 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் கலர், நம்ம ஆட்கள் செய்தது, எனக்கும் பெருமைதான். சின்ன வயதில் வீட்டுக்கு விருந்தாள் வந்தால் அப்பா ஓடிப்போய் வாங்கி வந்த கலர் அது. ஆனாலும் நம்ம ஊர்க் கலரும் தண்ணீரில்தான் செய்கிறது, சர்க்கரை போட்டுத்தான் செய்கிறது. ஆற்றுக்காகப் போராடினோமா, பாட்டிலின் லேபிளுக்காகப் போராடினோமா என்று எங்களுக்கே தெரியாமல் போயிற்று. என்ன கிடைத்தால் நிறுத்துவோம் என்று சொல்லாத போராட்டம், எதுவும் கிடைக்காமலே நின்றுபோனது.

உங்கள் துண்டறிக்கையில் நான் தேடியது அந்த ஒன்றைத்தான். புறக்கணிப்போம் என்கிறீர்கள். எதுவரை? அவர்கள் என்ன செய்தால் போதும்? யார் அதைக் கேட்கிறார்கள்?

பொள்ளாச்சியைத் தாண்டி மலையாள எல்லைக்குள் போனால் பிளாச்சிமடை. அங்கே 2000-இல் கோக் ஆலை வந்தது. ஓரிரு வருடத்தில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது, அரிசி வேகவில்லை, குளித்தால் அரிக்கிறது என்று பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். 2002 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா, எரவாளர் பழங்குடிப் பெண். அவர்கள் உலகத்தில் யாரும் கோக் குடிக்கக் கூடாது என்று தொடங்கவில்லை. எங்கள் கிணறு எங்களுக்கு வேண்டும், ஆலையை மூடு என்றார்கள். பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, பிறகு திறக்கவே இல்லை. இழப்பு 216 கோடி ரூபாய் என்று 2010-இல் கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு கணக்குச் சொன்னது. அதைப் பெற்றுத் தர 2011-இல் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. மயிலம்மா 2007-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிணறு கெட்டவர்களே உட்கார்ந்த பந்தல் அது. ஒரு வருடம் கழித்தும் அங்கே ஆள் இருந்தது, ஏனென்றால் அவர்கள் போக வேறு இடம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது மாணவர்கள் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் இமோக்கலி என்று ஒரு ஊர். தக்காளி பறிக்கிற ஊர். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹெய்த்தி நாட்டிலிருந்து வந்த கூலிகள் முப்பத்திரண்டு பவுண்டு வாளி, அதாவது பதினாலரைக் கிலோ, நிரப்பித் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வண்டியில் கொட்டினால்தான் அரை டாலருக்கும் குறைவாக ஏதோ கிடைக்கும். அவர்கள் தோட்ட முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. தக்காளியை யார் மொத்தமாக வாங்குகிறார்கள் என்று பார்த்தால் துரித உணவுக் கம்பெனிகள். 2001-இல் டாக்கோ பெல்லைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். கேட்டது ஒரு பவுண்டு தக்காளிக்கு ஒரே ஒரு செண்ட் கூடுதல், அது பறிக்கிறவர் கைக்குப் போக வேண்டும். கல்லூரி மாணவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரி, பள்ளி வளாகங்களில் அந்தக் கடையை வெளியேற்றினார்கள், அல்லது உள்ளே வரவிடாமல் செய்தார்கள். 2005 மார்ச்சில் கம்பெனி ஒப்புக்கொண்டது. அன்றைக்கே தொழிலாளர்கள் புறக்கணிப்பை முடித்துக்கொண்டார்கள். 2007-இல் மெக்டொனால்ட்ஸ், 2008-இல் பர்கர் கிங் என்று அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டன.

அந்த மாணவர்கள் தாங்களாக ஒரு கோரிக்கையைக் கண்டுபிடிக்கவில்லை. தக்காளி பறிக்கிறவர் என்ன கேட்டாரோ அதைத்தான் கேட்டார்கள். அவர் போதும் என்றபோது நிறுத்தினார்கள்.

இப்போது அந்தத் துரோகி வரிக்கு வருகிறேன். அதை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா துப்புரவு வேலை பார்க்கிறார். மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தாள். அந்தப் பிள்ளை ஆசைப்பட்டது என்று சீட்டுப் பணத்தில் அறுநூறு ரூபாய் எடுத்து, கண்ணாடிக் கதவு போட்ட கோழிக்கடைக்குக் கூட்டிப்போனார். மறுநாள் என் கடைக்கு வந்து சொன்னார்: "அங்க யாரும் எந்தத் தெருன்னு கேக்கல தாயி. வரிசையில நின்னோம். நம்பரக் கூப்பிட்டாவ, போயி வாங்குனோம். ஏசியில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தோம், ஒருத்தரும் எந்திரின்னு சொல்லல." கோழி எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். "உப்புக் கூடுதல்" என்றார்.

என் அம்மா பிறந்த ஊர் டீக்கடையில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பந்தல்காலில் தனியாக ஒரு அலுமினியத் தம்ளர் தொங்கும். யாருக்கு அது என்று எல்லோருக்கும் தெரியும். குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். அதே கடையில் சுட்ட வடை முழுக்க முழுக்க நம்ம மண்ணின் உணவு. ஆகவே மண்ணின் உணவு, மரபு உணவு என்று எழுதும்போது அந்தத் தம்ளரையும் நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கதவுக் கடையில் அந்த அக்காவுக்குக் கிடைத்த ஒரு மணி நேர மரியாதையை நம்ம கடைகள் கொடுத்திருந்தால், அவர் அறுநூறு ரூபாய்க்கு அதை வெளியே போய் வாங்கியிருக்க மாட்டார். அவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கும் வரக் கூடாது.

அதே மாதிரி ஒரு கடைக் கவுண்டரில் வேலை பார்க்கும் பெண்ணும் எனக்குத் தெரிந்த பிள்ளைதான். தபால் வழியில் பி.காம் படிக்கிறாள். முழங்கைக்குக் கீழே இரண்டு விரல்கடை நீளத்துக்குப் பளபளவென்று ஒரு தழும்பு. எண்ணெயிலிருந்து கம்பிக்கூடையைத் தூக்கும்போது சுட்டது. ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை, உட்கார நாற்காலி கிடையாது. போன மாதம் சிலர் கடைக்குள் வந்து கோஷம் போட்டு, செல்போனை இவள் முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறார்கள். நீங்களா, வேறு யாருமா என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. ஆனால் அந்த வீடியோவில் அழுதது கம்பெனி முதலாளி இல்லை. 2012 நவம்பரில் நியூயார்க்கில் துரித உணவுக் கடை வேலையாட்கள் மணிக்குப் பதினைந்து டாலர் கேட்டு வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். 2024 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் பெரிய சங்கிலிக் கடைகளுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு இருபது டாலர் என்று சட்டமே வந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு நாற்காலி. கவுண்டருக்கு வெளியே காத்திருந்து அவளிடம் கேட்டால் சொல்லுவாள்.

ஆறு கால் கோழிப் படத்தையும் எடுத்துவிடுங்கள். அது பொய். இதே மாதிரி எட்டுக் கால் கோழி என்று சீனாவில் புரளி கிளப்பியவர்கள் மேல் 2015-இல் கே.எஃப்.சி. வழக்குப் போட்டது. பொய்யான ஒரு வரி போதும், மற்ற ஒன்பது உண்மையையும் யாரும் கேட்க மாட்டார்கள். துண்டறிக்கையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். லண்டனில் ஹெலன் ஸ்டீல், டேவ் மோரிஸ் என்று இரண்டு பேர். பெரிய படிப்போ பணமோ வக்கீலோ இல்லாதவர்கள். மெக்டொனால்ட்ஸைப் பற்றி ஒரு துண்டறிக்கை கொடுத்ததற்காக அந்தக் கம்பெனி அவர்கள் மேல் அவதூறு வழக்குப் போட்டது. 313 நாள் விசாரணை நடந்தது. எழுதியதில் ஒவ்வொரு வரியையும் அவர்கள்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1997-இல் தீர்ப்பு வந்தபோது சில வரிகளை நிரூபிக்க முடியாமல் தோற்றார்கள், நஷ்ட ஈடு கொடுக்கவும் உத்தரவு வந்தது. ஆனால் விளம்பரத்தின் மூலம் குழந்தைகளைப் பயன்படுத்திக்கொள்கிறது, கூலியைக் குறைத்து வைத்திருக்கிறது என்று எழுதிய வரிகள் உண்மை என்று அதே நீதிபதிதான் சொன்னார். நிரூபித்த வரிகளைத்தான் உலகம் இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறது. ஒரு வரி எழுதும் முன்னால், 313 நாள் நின்று இதைச் சொல்ல முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

சரி, வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. இந்த விதிக்கு அந்நியன், நம்ம ஆள் என்ற பேதம் கிடையாது. அமெரிக்கக் கம்பெனி கலரும் ஒன்று, உள்ளூர்ப் பத்து ரூபாய்ப் பாட்டிலும் ஒன்று. பாக்கெட் சிப்ஸும், நாலாவது தடவை காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்த தள்ளுவண்டிக் காலிஃபிளவரும் ஒரே தராசில் வருகின்றன. பல கலரில் 100 மில்லிக்குப் பத்து கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கால் லிட்டர் பாட்டில் ஒன்றைக் குடித்தால் அந்த நாள் கணக்கு முடிந்தது. என் கடையில் நாலரை மணிக்கு மணி அடித்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் பாக்கெட்டுமாக நிற்கும். அந்தப் பிள்ளைக்கு நுகர்வோர் உரிமை, விருப்பத் தேர்வு என்றெல்லாம் பேச முடியுமா? அது பார்ப்பது கண் மட்டத்தில் இருக்கும் தட்டைத்தான். அந்தத் தட்டின் உயரத்தை முடிவு செய்தது யார் என்று நான் மேலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் துண்டறிக்கையைப் படித்த மறுநாள், தையல்காரரிடம் டேப் வாங்கி, காலை ஆறு மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், பள்ளிக்கூட கேட்டிலிருந்து என் கடைப் படி வரை நானே அளந்தேன். 38 மீட்டர். இத்தனை வருடம் இந்த விதிக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டுதான் விற்றிருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கலரும் பாக்கெட்டும் கொடுப்பதில்லை. கடலை மிட்டாய், அவித்த சுண்டல், கொய்யா, மோர் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நானூறு ரூபாய் விற்ற இடத்தில் இப்போது நூற்று எழுபது. மிச்ச இருநூற்று முப்பதும் இரண்டு கடை தள்ளிப் போகிறது. பிள்ளைகள் தின்பதில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, கடைதான் மாறியிருக்கிறது.

இதனால்தான் தனித்தனி ஆளின் மனச்சாட்சியை மட்டும் நம்பி இறங்காதீர்கள் என்கிறேன். அந்த 50 மீட்டருக்குள் ஏழு கடை இருக்கிறது, இரண்டு தள்ளுவண்டி இருக்கிறது. ஒன்பது பேரும் ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்கும் நஷ்டம் தனியாக விழாது. நான் ஒருத்தி போய்க் கேட்டால், போட்டிக் கடைக்காரி கேட்கிறாள் என்பார்கள். நீங்கள் கேட்டால் கதை வேறு. பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தலைமை ஆசிரியையிடம் நான் பேசுகிறேன், உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுப்போம். மே 5 வணிகர் தினக் கூட்டத்தில் சங்கத்துக்காரர்களிடம் நான் எழுந்து கேட்கத் தயார், எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றால் போதும். கம்பெனி ஃப்ரிட்ஜை எடுத்துப்போனால் அந்தக் கடைக்கு வேறு ஃப்ரிட்ஜுக்கு என்ன வழி என்பதையும் முதல் நாளே பேசி வைப்போம். எங்கள் மகளிர் குழுவில் ஏற்கெனவே பேச்சைப் போட்டுவிட்டேன்.

பர்கர் கடையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்தக் கடை நாளைக்கும் அங்கேதான் இருக்கும். அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் ஒரு கோரிக்கை வைத்தால், அன்றைக்கு வாசலில் நிற்க என்னையும் கூப்பிடுங்கள். கடையை அடைத்துவிட்டு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் கூட்டம் இருக்காது. வாருங்கள், என் பில் நோட்டை எடுத்துக் காட்டுகிறேன், எந்தப் பாட்டிலில் எவ்வளவு லாபம் என்று நீங்களே பார்க்கலாம். தையல்காரரின் டேப் சின்னது, நாலு நாலு அடியாகத்தான் அளக்க வந்தது. உங்களில் சிவில் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் பெரிய டேப் ஒன்று கொண்டு வாருங்கள். மிச்ச எட்டுக் கடையையும் அளந்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கடைக்கார அக்கா
பாளையங்கோட்டை